யாகுட்ஸ்க் உறைநில வரைபடம்: குளிர்கால என்-காரணியில் சிக்கல்

வந்தாறுமூலையிலிருந்து எழுதுகிறேன். பட்ட ஆய்வுக்காகச் சைபீரியாவின் யாகுட்ஸ்க் சுற்றுவட்டார நிரந்தர உறைநில வெப்பநிலையை வரைபடமாக்குகிறேன். மாதிரி டிடொப் (TTOP, உறைநிலத்தின் மேல்விளிம்பு வெப்பநிலையைக் கணிப்பது), தரவு 2003 முதல் 2019 வரையான மோடிஸ் செயற்கைக்கோள் கருவியின் நிலமேற்பரப்பு வெப்பநிலை, 1 கிலோமீற்றர் கட்டம்.

லார்ச் காட்டுப் பகுதியில் ஆண்டுச் சராசரி, துளைக்கிணற்று அளவீட்டைவிட ஏறத்தாழ 2 பாகை குறைவாக வருகிறது. மேகம் மறைத்த நாள்களை ஈஆர்ஏ5-லேண்ட் என்ற வானிலை மீள்பகுப்பாய்வுத் தரவின் காற்று வெப்பநிலையால் நிரப்பினேன், சற்றே தேறியது. குளிர்கால என்-காரணியை (மேலிருக்கும் குளிரில் எவ்வளவு பங்கு பனிப்போர்வையைக் கடந்து நிலத்தை எட்டுகிறது என்ற விகிதம்) 0.5இலிருந்து 0.3ஆகக் குறைத்தால் காடு பொருந்துகிறது, ஆனால் உறைநிலம் உருகித் தாழ்ந்த அலாஸ் புல்வெளிகள் அளவுக்கு மீறிச் சூடாகின்றன. ஈஆர்ஏ5-லேண்டின் பனி ஆழமோ 9 கிலோமீற்றர் கட்டம், இந்த வேலைக்கு உதவாது. பனியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டுமே கண்ட மட்டக்களப்பில் இதை யாரிடம் கேட்பது!

ஒரே கட்டத்துக்குள் காடும் புல்வெளியும் கலந்திருந்தால், குளிர்கால என்-காரணியை எந்த அடிப்படையில் பிரித்துக் கொடுப்பது?