இலியா மஷ்கோவின் ‘ரொட்டிகள்’: பின்வாங்கலா, முதிர்ச்சியா?

கரிக்கோல்:
ரஷ்ய ஓவியர் இலியா மஷ்கோவ் 1924-இல் தீட்டிய ‘மாஸ்கோ உணவுகள்: ரொட்டிகள்’ ஓவியத்தை அவருடைய உச்சம் என்று பலரும் போற்றுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1910-இல் மாஸ்கோவில் ‘டைமன் ஜாக்கி’ என்று சீட்டுக்கட்டில் உள்ள ஒரு சீட்டின் பெயரையே சூட்டிக்கொண்டு எழுந்த ஓவியர் குழுவின் தூண்களுள் ஒருவர் அவர். அவ்வாண்டின் ‘நீலப் பிளம்கள்’ ஓவியத்தில், தட்டின் நடுவே நீலக் கனிகளும் சுற்றிலும் செம்மஞ்சள் கனிகளும் தடித்த கரிய கோடுகளுக்குள் அடைபட்டு, பழங்களாக அல்லாமல் வண்ணங்களாகவே நம்மை எதிர்கொள்கின்றன. அப்படி வரைந்தவர், பின்னாளில் ரொட்டியின் மேலோட்டைப் பளபளக்கத் தீட்டி, புரட்சிகர ரஷ்யாவின் ஓவியர்கள் சங்கத்து யதார்த்தவாதத்தில் ஒதுங்கியது பின்வாங்கல்தான்.

வண்ணத்தட்டு:
நண்பரே, ‘நீலப் பிளம்கள்’ பற்றி நீங்கள் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. ‘ரொட்டிகள்’ ஏறத்தாழ 1.45 மீட்டர் அகலமுள்ள பெரிய கித்தான். அதில் வட்ட ரொட்டிகளும் முறுக்கிய ரொட்டிகளும் கேக்குகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்பதால், மேசையின் ஆழம் ஏறக்குறைய மறைந்து, பண்டங்கள் யாவும் நம் பக்கம் சரிவதுபோல் தோன்றுகின்றன. இது கடை வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையின் அமைப்பு. டைமன் ஜாக்கி ஓவியர்கள் தங்கள் வேரைத் தேடியதும் அந்தப் பலகைகளில்தான். அவர் கைவிட்டதாக நீங்கள் வருந்துவது அந்தக் கித்தானிலேயே இருக்கிறது. மேலும், நீலத்துக்கு எதிரே செம்மஞ்சளை வைத்தால் இரண்டும் தாமாகவே ஒளிரும். பழுப்பு, பொன், செம்பழுப்பு என்று ஒரே குடும்பத்து நிறங்களைக்கொண்டு ஒரு பெரிய கித்தானை அதிரச் செய்வது அதைவிடக் கடினமான வேலை என்றே நான் கருதுகிறேன்.

நிழற்கோடு:
காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1918-இல் இன்னொரு ரஷ்ய ஓவியரான பெத்ரோவ்-வோத்கின் தீட்டிய ‘ஹெர்ரிங் மீன்’ ஓவியத்தில், இளஞ்சிவப்பு விரிப்பின்மேல் ஒரு மீன், இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு துண்டு ரொட்டி மட்டுமே உண்டு. 1921-22-இல் வோல்கா வட்டாரத்தைப் பெரும் பஞ்சம் சூறையாடியது. அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து ரொட்டிகளை இப்படிக் குவித்து வரைந்தவரின் மனத்தில் என்ன இருந்திருக்கும் என்று எண்ணும்போது, அந்தப் பளபளப்பு எனக்கு மலிவாகத் தெரியவில்லை.

கரிக்கோல்:
பலகை ஓவியத்தோடு உள்ள உறவை நான் கவனிக்கத் தவறினேன், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் 1938-இல் அவர் வரைந்த ‘அன்னாசிகளும் வாழைப்பழங்களும்’ ஓவியத்தையும் பாருங்கள். இடையில் 1932-33 பஞ்சம் வந்துபோயிருந்தது. 1924-இல் பசி தீர்ந்தவரின் மகிழ்ச்சியாக இருந்த செழிப்பு, 1938-இல் அரசு காண விரும்பிய செழிப்பாகிவிட்டது. அந்தப் பாதைக்கு ‘ரொட்டிகள்’தான் வாசல் என்பதே என் வாதம்.

வண்ணத்தட்டு:
1938 ஓவியத்துக்காக நான் வாதாட மாட்டேன். அதில் பழங்கள் பழங்களாக மட்டுமே இருக்கின்றன. ஆனால் ஓர் ஓவியத்தை அதற்குப் பதினான்கு ஆண்டுகள் பிந்தைய ஓவியத்தைக்கொண்டு தீர்ப்பதாயின், ‘நீலப் பிளம்கள்’ ஓவியத்தையும் அதே முறையில் ‘ரொட்டிகள்’ ஓவியத்துக்கு வாசல் என்று நீங்கள் குறைகூற வேண்டியிருக்கும்.