உபுண்டு 24.04-க்கு மாறியதும் சத்தம் இல்லை, 'டம்மி அவுட்புட்' மட்டும் காட்டுது

காட்பாடிக்காரர்:
டியூஷன் சென்டர் டெஸ்க்டாப், இன்டெல் போர்டு, ரியல்டெக் ஆடியோ. 22.04-லிருந்து 24.04-க்கு அப்கிரேடு ஓடிக்கிட்டிருக்கும்போதே கரண்ட் போச்சு, யுபிஎஸ்ஸும் தாங்கல. இப்போ ஆன் ஆகுது, ஆனா சத்தம் இல்லை. செட்டிங்ஸில் நிஜ ஸ்பீக்கருக்குப் பதில் பெயரளவுக்கான 'டம்மி அவுட்புட்' மட்டும் இருக்கு. வைஃபையையும் காணோம். ஒலியைக் கவனிக்கும் பைப்வயர் சாஃப்ட்வேரை எடுத்துட்டு, முன்பு அந்த வேலையைச் செய்த பல்ஸ்ஆடியோவைப் போடலாமா?

குடியாத்தத்தான்:
பைப்வயரைத் தொடாதீங்க. உபுண்டுவில் 22.10-லிருந்தே ஒலிக்கு அதுதான். கழற்றினா இன்னொரு சிக்கல் சேரும்.

சவுண்டும் வைஃபையும் சேர்ந்தே போயிருக்கு பாருங்க, அதுதான் துப்பு. உபுண்டுவில் இந்த டிரைவர்கள் பெரும்பாலும் 'லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா' என்ற தனி பேக்கேஜில் வரும். கர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) ஏறி, அந்த பேக்கேஜ் ஏறுமுன் கரண்ட் போனா இந்த நிலைமைதான். டெர்மினலில் 'ஏபிளே -எல்' அடிங்க. சவுண்ட் கார்டே இல்லைன்னு சொன்னா கோளாறு கர்னல் மட்டத்தில். கார்டு பெயர் வந்தா மட்டும் பைப்வயர் பக்கம் போகணும்.

முதலில் 'யூநேம் -ஆர்' அடித்து, வரும் கர்னல் எண்ணை எழுதி வைங்க. ரீஸ்டார்ட் செய்து, உபுண்டு ஏறுமுன் வரும் கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வழியா பழைய கர்னலில் ஏறுங்க. அங்கே வைஃபை வந்துட்டா சந்தேகமே வேண்டாம். வரலைன்னா லேன் கேபிள் போதும். பிறகு இந்த வரிசையில்:

சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ
சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்

கடைசியா, 'லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா-' என்பதோடு எழுதி வைத்த எண்ணை ஒட்டி இன்ஸ்டால் கொடுங்க. எண் ஓர் இலக்கம் மாறினாலும் வேறு கர்னலுக்கான டிரைவர்தான் ஏறும்.

காட்பாடிக்காரர்:
கார்டு வந்துடுச்சு, வைஃபையும் வந்துடுச்சு. ரொம்ப நன்றிங்க. முன்பக்க ஹெட்போனில் கேட்குது, பின்பக்க பச்சை ஜாக்கில் இருக்கும் ஸ்பீக்கர் மட்டும் பேசல.

பாலாற்றங்கரை:
அது ஆட்டோ-மியூட். ஹெட்போன் செருகியிருந்தா ஸ்பீக்கரை அடைச்சுடும். டெர்மினலில் 'அல்சாமிக்சர்' என்ற ஒலி அளவு கருவியைத் திறந்தா முதலில் பைப்வயரின் ஒற்றைப் பட்டை மட்டும் தெரியும், அதைப் பார்த்து ஏமாறாதீங்க. எஃப்6 அழுத்தி இன்டெல் கார்டைத் தேர்ந்தெடுங்க. வலது அம்புக்குறியில் கடைசி வரை போய் 'ஆட்டோ-மியூட் மோட்' என்பதை டிஸேபிள்டு ஆக்குங்க. வழியில் எந்தப் பட்டைக்குக் கீழாவது 'எம்எம்' இருந்தா எம் விசையை அழுத்தி '00' ஆக்கணும். முடிச்சதும் 'சூடோ அல்சாசிடிஎல் ஸ்டோர்'. இல்லைன்னா ரீஸ்டார்ட்டில் பழையபடி ஆகலாம்.

ஹெட்போனைப் பிடுங்கியும் ஸ்பீக்கர் வரலைன்னா கேபினெட்டின் முன்பக்க ஆடியோ வயரைப் பாருங்க. பழைய கேபினெட்டில் ஏசி97 வகை வயர் இருக்கும். ஜாக் காலியா இருக்கா என்பதை அது போர்டுக்குச் சொல்லாது. பயாஸில் (போர்டின் சொந்த செட்டிங்ஸ்) 'ஃப்ரன்ட் பேனல் டைப்' இருந்தா ஏசி97-க்கு மாத்துங்க.