12-ஆம் நம்பர் கால், லேஸ் கட்ட முடியாத விரல்: நடக்க என்ன ஷூ வாங்கலாம்?

பழைய கண்டக்டர் (பாளை):
எல்லாருக்கும் வணக்கம். வயது 66. பாபநாசம், தென்காசி ரூட்டில் நின்றபடியே சர்வீஸை முடித்தவன். இப்போது இரண்டு முட்டியிலும் தேய்மானம். விரல் கணுவிலும் வலி. காலையில் டீ கிளாஸைப் பிடிப்பதற்கே யோசிக்க வேண்டியிருக்கிறது. டாக்டர் தினமும் நடக்கச் சொல்கிறார், அதுவும் ஷூ போட்டு. வ.உ.சி. மைதானம் பக்கத்தில்தான். காலுக்குத்தான் ஷூ இல்லை. 12-ஆம் நம்பர், முன்பாதம் முறம் மாதிரி விரிந்திருக்கும்.

ஜங்ஷன், வண்ணாரப்பேட்டை எல்லாம் கேட்டாயிற்று. "பத்துக்கு மேல வராது அண்ணாச்சி" என்று எங்கும் ஒரே பாட்டு. ஒரு கடைப் பையன் 11-ஐக் கொடுத்து "போடப் போட லூசாயிரும்" என்றான். அது லூசாகும் முன்னே என் சுண்டுவிரல் நகம் போய்விடும்.

லேஸ் வேண்டாம். குனிந்தால் முட்டி வலி, முடிச்சுப் போட விரல் வளையாது. வீட்டுக்காரி கட்டிவிடுகிறேன் என்கிறாள். வாசலில் உட்கார்ந்து காலை நீட்ட நான் பள்ளிக்கூடப் பிள்ளையா? 4,000 ரூபாய் வரை போடலாம். வெல்க்ரோவா, அப்படியே காலை நுழைக்கிற ஷூவா, எது தேவலை?

பிசியோ (அம்பை):
அண்ணாச்சி, நம்பர் இருக்கட்டும், முதலில் அகலத்தைப் பாருங்கள். சாயங்காலம், பாதம் லேசாக வீங்கியிருக்கும் நேரத்தில், காகிதத்தின் மேல் எழுந்து நின்று, யாரையாவது பாதத்தைச் சுற்றி வரையச் சொல்லுங்கள். பென்சில் செங்குத்தாக நிற்க வேண்டும். குதிகாலிலிருந்து நீளமான விரல் நுனி வரை ஓர் அளவு, முன்பாதத்தின் அகலமான இடத்தில் குறுக்கே ஓர் அளவு. இரண்டில் பெரிய பாதத்துக்குத்தான் ஷூ.

அகலம் பத்தாமல் பலர் நம்பரைக் கூட்டி வாங்குகிறார்கள். அப்புறம் குதிகால் உள்ளே ஆடும். ஆண்கள் ஷூவில் 'டி' சாதாரண அகலம், '2இ' அகலம், '4இ' அதைவிட அகலம். சில கம்பெனிகள் பெட்டியில் போட்டிருக்கும். நம்மூர் நம்பர் இங்கிலாந்துக் கணக்கு. அமெரிக்கக் கணக்கில் அரையோ ஒன்றோ கூடும். ஆன்லைனில் வாங்கினால் சென்டிமீட்டரைப் பார்த்து வாங்குங்கள்.

மெத்மெத்தென்று இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் முட்டித் தேய்மானம் உள்ள 164 பேரில் ஒரு பகுதியினருக்குத் தட்டையான, நன்றாக வளையும் ஷூவும், மற்றவர்களுக்கு உறுதியாகத் தாங்கும் ஷூவும் கொடுத்து, ஆறு மாதம் பார்த்து 2021-இல் வெளியிட்டார்கள். நடக்கும்போது வலி அதிகம் குறைந்தது உறுதியான ஷூவில்தான். கடையில் குதிகால் பக்கத்தை அமுக்கிப் பாருங்கள், உள்ளே போகக் கூடாது. ஷூ, கால்விரல் கணு இருக்கும் இடத்தில் மடியலாம், நடுவில் மடியக் கூடாது.

கீழப்பாவூர் மதினி:
எங்க மாமாவுக்கு முடக்குவாதம், அதனால் இதில் எனக்குக் கொஞ்சம் பழக்கம். நுழைக்கிற வகையில் குதிகால் மடங்காமல் விறைப்பாக வைத்ததும் வருகிறது, ஸ்கெச்சர்ஸ் ஸ்லிப்-இன்ஸ் அப்படித்தான். நின்றபடியே காலை விடலாம். ஆனால் பாதம் வீங்கிய அன்றைக்குத் தளர்த்த வழியில்லை. அதனால் மாமாவுக்கு வெல்க்ரோதான்.

அதிலும் பட்டை நேராக ஒட்டுகிறதை விட, வளையத்துக்குள் போய்த் திரும்பி வந்து ஒட்டுகிறது தேவலை. இழுத்தால் சிக்கென்று நிற்கும். அந்தத் திரும்புகிற பட்டையின் நுனியில் தையல்காரரிடம் சொல்லி ஒரு துணிக் காது வைத்தோம். மாமா விரலை அதற்குள் விட்டு இழுத்துக்கொள்கிறார், கிள்ளிப் பிடிக்கிற வேலையே இல்லை. ஒரே தொல்லை, வேட்டி நூல். சொரசொரப்பான பக்கத்தில் சுற்றிக்கொண்டு ஒட்ட மாட்டேன் என்னும். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள்.

வள்ளியூர்க்காரன்:
அண்ணாச்சி, லேஸ் ஷூ என்றால் ஆன்லைனில் 12 கிடைக்கும். வாங்கி, செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து லேஸ் ஓட்டை இருக்கிற இடத்தில் வெல்க்ரோ பட்டை வைக்கச் சொல்லலாம். எங்க சித்தப்பாவுக்கு இரண்டு பட்டை வைத்தோம், லேஸுக்கு அடியில் இருக்கிற ஷூ நாக்கையும் ஒரு பக்கம் சேர்த்துத் தைத்தாயிற்று. முன்னெல்லாம் கால் விடும்போது நாக்கு உள்ளே சுருண்டுவிடும். நீளக் கைப்பிடி வைத்த ஷூ கரண்டி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள், குனிய வேண்டாம். நம்ம தேரி மண்ணில் மட்டும் இதைப் போட்டு இறங்காதீர்கள், வெல்க்ரோ முழுக்க செம்மண்தான்.

பழைய கண்டக்டர் (பாளை):
அளந்தாச்சு. வலது 30.2, இடது 29.6, குறுக்கே 12 சென்டிமீட்டர். வரைந்தது பேத்தி, சிரித்துக்கொண்டே வரைந்தாள். மதினி சொன்ன துணிக் காது நல்ல யோசனை. ஒன்று கேட்க விட்டுப்போச்சு: எனக்கு சுகரும் உண்டு. அதற்கு எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) என்ற மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு போடச் சொல்கிறார்களே, அதுவே போதாதா?

பிசியோ (அம்பை):
பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்காக வந்தது அது. அழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் பரப்பும். உங்களுக்கு உணர்ச்சி எப்படி என்று டாக்டரிடம் உள்ளங்காலைக் காட்டிவிட்டு அப்புறம் ஷூ வாங்குங்கள். மரத்துப்போயிருந்தால் கடித்தாலும் தெரியாது. எந்த ஷூவானாலும் கால் விடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள், கல்லோ ஆணியோ கிடக்கும். கழற்றியதும் சிவந்திருக்கிறதா என்று பேத்தியைப் பார்க்கச் சொல்லுங்கள்.