புதுப்பிப்பு: சித்தப்பாவின் டெபாசிட், நாமினி விவகாரம்

உயில் எழுதாமல் சித்தப்பா இறந்துவிட்டார், கல்யாணத்துக்கு முன்னால் போட்ட ஃபிக்சட் டெபாசிட்டில் அவருடைய தம்பி பெயர்தான் நாமினியாக இருக்கிறது, சித்திக்குப் பணம் வருமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. விஷயம் நல்லபடியாக முடிந்தது.

வங்கி பணத்தைத் தம்பியிடம்தான் கொடுத்தது. அது சரிதான். நாமினி பணத்தை வாங்கித் தருபவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுக்கே. உச்ச நீதிமன்றமும் 2023 டிசம்பரில் நிறுவனப் பங்குகள் பற்றிய வழக்கில் இதையேதான் சொன்னது. சின்னச் சித்தப்பா ஒரு வார்த்தை பேசாமல் முழுத் தொகையையும் சித்தி கணக்குக்கு மாற்றிவிட்டார். எல்லா வீட்டிலும் இப்படி நடக்காது.

யாரும் எதிர்பார்க்காதது அப்பத்தாவின் பங்கு. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகளோடு தாயும் முதல் வகுப்பு வாரிசு. சித்தி, இரண்டு பிள்ளைகள், அப்பத்தா என்று வீடு நாலு சமபங்கு. தாசில்தார் தந்த வாரிசுச் சான்றிதழிலும் அப்பத்தா பெயர் இருந்தது. "எனக்கெதுக்குடா, பேரப்புள்ளைக இருக்கட்டும்" என்று சார்பதிவாளர் அலுவலகம் வந்து தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வைத்தார்.

பிஎஃப் கதை வேறு. அங்கே கல்யாணமானதும் பழைய நாமினி நியமனம் தானாகவே செல்லாமல் போகும். அதனால் இறந்தவரின் பிஎஃப் பணத்தைக் கேட்கும் படிவம் 20-ஐச் சித்தியே கொடுத்தார். வங்கியில் அப்படி இல்லை, நாம் போய் மாற்றினால்தான் உண்டு. 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நாலு நாமினி வரை போடலாம். அப்பாவின் பாஸ்புக்குகளை எடுத்துவைத்திருக்கிறேன், திங்கட்கிழமை வங்கிக்குப் போகிறோம்.