கிணற்றுப் பதிவிலிருந்து ‘உயிர்க்கரிம மதிப்பீடு’: ஒரு சொல் முன்மொழிவு

அன்புள்ள கலைச்சொற் குழுவினருக்கு,

எண்ணெய்க் கிணற்றுப் பதிவுகளை, அதாவது கிணற்றுக்குள் கருவியை இறக்கி ஆழவாரியாக எடுக்கும் பதிவுகளை வைத்துப் பாறையிலுள்ள ஆர்கானிக் கார்பனைக் கணக்கிடும் முறைக்கு ‘மொத்தக் கரிம அளவீடு’ என்று சொல்லலாம் என எழுதியிருந்தீர்கள், ஐயா. அதில் ‘கரிமம்’, ‘அளவீடு’ இரண்டையும் மாற்றவேண்டும் என்று நினைக்கிறேன்.

சுண்ணாம்புக்கல்லிலும் கார்பன் உண்டு. நாம் தேடுவது அதை அல்ல; பழங்காலச் சேற்றில் பாசியும் நுண்ணுயிரும் செடித்துகளும் விட்டுப்போன கார்பனை. ஆய்வகத்தில்கூடப் பாறைத்தூளை அமிலத்தில் கழுவிச் சுண்ணாம்பைப் போக்கிய பிறகுதான் மிச்சத்தை எரித்து அளப்பார்கள். இந்த வேறுபாடு பெயரிலேயே தெரியவேண்டும். நம் பாடநூலில் ‘கரிம’ என்றால் ஆர்கானிக். பேச்சில் கரிமம் என்றால் கார்பன். இரண்டையும் சேர்த்தால் ‘கரிமக் கரிமம்’ ஆகிவிடும். இலங்கையில் வழங்கும் ‘சேதனக் காபன்’ துல்லியமானது. ஆனால் தமிழக–ஆந்திர எல்லையில் எங்கள் சத்தியவேடு, ஊத்துக்கோட்டைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சேதனம் என்றால் சேதம்தான் நினைவுக்கு வரும். ஆகவே ‘உயிர்க்கரிமம்’ என்கிறேன். ‘உயிர்க்கரி’ என்று சுருக்கவேண்டாம். வயலில் இடும் கரியோடு குழம்பும்.

அப்புறம் ‘அளவீடு’. கிணற்றில் இறங்கும் கருவி கார்பனை நேராக அளப்பதில்லை. 1990-இல் பாஸி என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட முறையைப் பாருங்கள். ஒலி கடக்கும் நேரத்தையும் மின்தடை எண்ணையும் இரு வளைகோடுகளாக வரைந்து, உயிர்க்கரிமம் குறைந்த களிப்பாறையில் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி பொருத்துகிறார்கள். அடிக்கு 50 மைக்ரோ விநாடி மாற்றமும் மின்தடை எண்ணின் பத்து மடங்கு மாற்றமும் அங்கே சம நீளம். கெரோஜன், அதாவது பாறையில் திடமாகத் தங்கிய உயிர்க்கரிமப் பொருள், மிகுந்த பாறையில் ஒலி மெதுவாகும். அந்தக் கெரோஜன் நிலத்தடிச் சூட்டில் பக்குவப்பட்டு எண்ணெய் உண்டாகியிருந்தால், நுண்துளைகளில் நீரின் இடத்தை எண்ணெய் பிடித்து மின்தடையும் ஏறும். கோடுகள் பிரியும். அந்தப் பிரிவோடு பக்குவ நிலையையும் சேர்த்துத்தான் உயிர்க்கரிம விழுக்காடு கிடைக்கிறது. பக்குவத்தைத் தவறாக எடுத்தால் விடையும் தவறும். எண்ணெய் நிறைந்த மணற்பாறையிலும் கோடுகள் பிரியும் என்பதால் களிப்பாறையையும் மணற்பாறையையும் பிரித்துக்காட்டும் காமாக் கதிர்ப் பதிவைப் பார்த்து அதை ஒதுக்கவேண்டும். இவ்வளவு ஊகம் கலந்ததை ‘மதிப்பீடு’ என்பதே நேர்மை.

இந்தப் பிரிவின் அளவுக்கு அந்த முறையில் உள்ள பெயரான ‘டெல்டா லாக் ஆர்’ என்பதைப் ‘பதிவு வேறுபாடு’ என்றும் ஒருவர் தந்திருந்தார். அங்குள்ள லாக் மடக்கை. கிணற்று லாக்தான் பதிவு. இதை இப்போதே பிரித்துவைப்பது நல்லது.

எங்கள் எல்லைப் பகுதியில் போர்வெல் போடுமுன் நீரோட்டம் பார்க்க வருகிறவர்களும் மின்தடையைத்தான் சோதிக்கிறார்கள். அதனால் அந்தச் சொல் இங்கே புதிதல்ல. ஆந்திரத்தின் கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் ராகவபுரம் களிப்பாறை பெயர்பெற்ற எண்ணெய் மூலப்பாறை, அதாவது எண்ணெய் உருவாகும் பாறை. விளக்கக் குறிப்புக்கு அதையே எடுத்துக்காட்டாகத் தரலாம்.

கோடுகள் பிரிவதற்கு ‘விலக்கம்’ சரிவராது. புள்ளியியல் ஏற்கெனவே அதை எடுத்துக்கொண்டது. இப்போதைக்கு ‘வளைகோட்டு இடைவெளி’ என்று வைத்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.