பாடி அண்ட் சோல்: ஹாக்கின்ஸ் பதிவில் மெட்டு எங்கே போனது?

ராத்திரி_ரேடியோ:
ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே 1940-இல் பாடிய "பாடி அண்ட் சோல்" எனக்கு மனப்பாடம். போன வாரம் ஒருவர் கோல்மன் ஹாக்கின்ஸ் டெனர் சாக்ஸபோனில் வாசித்த 1939 பதிவைக் கேட்கச் சொன்னார். மூன்றே நிமிடம். நான்கு தடவை கேட்டுவிட்டேன். முதலில் தெரிந்த மெட்டு லேசாகத் தலைகாட்டுகிறது, அப்புறம் ஆளையே காணோம். தப்பான பாட்டோ என்று பெயரைக்கூடச் சரிபார்த்தேன். இதை எப்படி அதே பாட்டு என்கிறார்கள்?

கறுப்புக்கட்டை:
பாட்டு சரிதான். மெட்டுதான் போனது, அடியில் ஓடும் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) அப்படியே இருக்கின்றன. மொத்தம் 32 பார் (தாளக் கட்டம்): முதல் எட்டு இரண்டு தடவை, நடுவில் வேறு எட்டு, மறுபடி முதல் எட்டு. ஹாக்கின்ஸ் இதை இரண்டு சுற்று வாசிக்கிறார்.

நீங்கள் அந்த நடு எட்டைப் பிடியுங்கள். டி ஃப்ளாட் சுருதியில் போய்க்கொண்டிருந்த பாட்டு அங்கே அரை ஸ்வரம் ஏறி டி மேஜருக்குத் தாவும், பிறகு சி வழியாக இறங்கிப் பழைய இடத்துக்கு வரும். பியானோ பழகியபோது தினமும் நான் தடுக்கி விழுந்த இடம் அது. ஐந்து ஃப்ளாட்டில் (அரை ஸ்வரம் இறக்கியவை) கறுப்புக் கட்டைகளிலேயே கிடந்த விரல்கள் சட்டென்று இரண்டு ஷார்ப்புக்கு (அரை ஸ்வரம் ஏற்றியவை) மாற வேண்டும். கட்டைவிரலுக்குப் போக்கிடமே தெரியாது!

இன்னொன்று: ஹாக்கின்ஸ் ஓடும்போது பில்லியின் மெட்டை, சுருதியை மட்டும் மாற்றிக்கொண்டு, மெல்ல முனகிப் பாருங்கள். உட்காரும்.

பழைய_தட்டு:
ஜானி கிரீன் 1930-இல் போட்ட மெட்டு இது. அதே வருடம் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கும் பதிவு செய்தார். ஹாக்கின்ஸுக்கு முன்னால் பென்னி குட்மனின் மூவர் குழுவான ட்ரியோவின் 1935 பதிவைக் கேளுங்கள், மெட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேன் 1960-இல் வாசித்தது அப்புறம்.

தூறல்:
நான் டோனி பென்னட்டும் ஏமி வைன்ஹவுஸும் 2011 மார்ச்சில் பாடியதைத்தான் முதலில் கேட்டேன். அவருக்கு 84, இவருக்கு 27. ஜூலையில் ஏமி இறந்துவிட்டார். என்னால் இன்னும் அதை முழுதாகக் கேட்க முடியவில்லை.

ராத்திரி_ரேடியோ:
கறுப்புக்கட்டை, விரல் விட்டு எண்ணினேன். முதல் சுற்றில் கோட்டை விட்டேன், ஆரம்பத்தில் பியானோ வாசிக்கும் நான்கு பாரையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன். இரண்டாவது சுற்றில் அந்தத் தாவல் காதில் விழுந்தது. முனகல்தான் இன்னும் சேரவில்லை.