பென்ஸ் டபிள்யூ123: முன்பக்க பிரேக் பேட் இடது பக்கம் மட்டும் உட்காரல

அடையாறு_டீசல்:
வணக்கம் நண்பர்களே. வண்டி 1982 மாடல் பென்ஸ் 240டி, டபிள்யூ123 வரிசை, பெரியப்பா வச்சிருந்தது, ஆறேழு வருஷமா திருவான்மியூர் ஷெட்ல சும்மாவே நின்னுச்சு, கடல் காத்துல என்ன ஆகியிருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. போன வாரம் ஜி.பி. ரோட்டுல முன்பக்க பேட் செட் வாங்கினேன், கடைக்காரர் "123க்கு எல்லாம் ஒண்ணுதான் சார்"னு குடுத்துட்டார். வலது பக்கம் ரெண்டு பேடும் வழுக்கிட்டு உள்ள போச்சு, பேடைப் பிடிச்சு வைக்கிற பின்னு, சிலுவை மாதிரி ஸ்பிரிங் எல்லாம் மாட்டியாச்சு. இடது பக்கம் பாதி கூட போகல, ஓரம் இடிச்சுக்கிட்டு நிக்குது. பேடைத் தள்ளுற பிஸ்டனை முழுசா உள்ள தள்ளிப் பாத்தாச்சு. அந்தப் பக்கம் பேட்டை பிடிச்சு வைக்கிற ஐட்டமே கொஞ்சம் வேற மாதிரி இருந்துச்சு, நான் பெருசா கண்டுக்கல. மெக்கானிக் அண்ணன் கிரைண்டர்ல ஓரத்த லேசா தேய்ச்சா உட்கார்ந்துடும்ங்கிறார், எனக்கு என்னவோ மனசு ஒப்பல.

ஸ்பேனர்_மாமா:
தம்பி அந்த கிரைண்டரை முதல்ல தூர வைக்கச் சொல்லுங்க. பேடோட தகடு காலிப்பர் (பேடை டிஸ்க் மேல அமுக்கிப் பிடிக்கிற கவ்வி) வாய்ல சரியா தாங்கி நிக்கணும், இஷ்டத்துக்கு தேய்ச்சா பிரேக் அடிக்கறப்போ எல்லாம் டக்கு டக்குனு ஆடும். பேட் போற பாதையில துரு இருக்கும், கம்பி பிரஷ் போட்டு சுத்தம் பண்ணுங்க. பழைய பேடையும் புதுசையும் முதுகோட முதுகா ஒட்டி வச்சுப் பாருங்க. பழசை தூக்கிப் போட்டுடலயே? இன்னொண்ணு, பிஸ்டனை தள்ளினா பிரேக் ஆயில் டப்பால லெவல் ஏறும், முன்னாடியே ஊசியில கொஞ்சம் உறிஞ்சிடுங்க, வழிஞ்சா பெயிண்ட் உரிஞ்சுடும். என் வண்டி ஃபெண்டர்ல இன்னும் அந்தத் தழும்பு இருக்கு.

புதுப்பேட்டை_பையன்:
காலிப்பர் மேல வார்ப்புலயே என்ன பேர் இருக்குன்னு பாருங்க ப்ரோ. 123ல கம்பெனிலயே ஏ.டி.இ, பெண்டிக்ஸ்னு ரெண்டு மேக் காலிப்பர் வந்துச்சு, ரெண்டுக்கும் பேட் ஷேப் வேற, மாத்திப் போட முடியாது. கடைக்காரர் சொன்ன அந்த "எல்லாம் ஒண்ணுதான்" இருக்கே, அதுலதான் பாதி பேர் மாட்டறாங்க.

அடையாறு_டீசல்:
அண்ணா தெய்வமே!! அழுக்கு அரை இன்ச் இருந்துச்சு, சொரண்டி டார்ச் அடிச்சுப் பாத்தா வலது ஏ.டி.இ, இடது பெண்டிக்ஸ். எந்தப் புண்ணியவான் எப்போ மாத்தினாரோ. பழைய பேடும் ரெண்டு பக்கமும் வேற வேற ஷேப், எத்தனை வருஷம் இப்படியே ஓடுச்சோ தெரியல. அப்போ இடதுக்கு மட்டும் பெண்டிக்ஸ் பேட் வாங்கினா போதுமா?

ஸ்பேனர்_மாமா:
உட்காரும், ஆனா செய்யாதீங்க. ஒரே ஆக்சில்ல ரெண்டு பக்கமும் ஒரே மேக் காலிப்பர், ஒரே பேட் இருக்கணும், இல்லன்னா ஒரு பக்கம் அதிகமா பிடிச்சு ஸ்டியரிங் இழுக்கும், மழை நாள்ல ஈசிஆர்ல அத அனுபவிச்சவன் நான். இடதுக்கு ஏ.டி.இ காலிப்பர் தேடுங்க, பிஸ்டன்ல துருப்புள்ளி இருந்தா எடுக்காதீங்க, புது சீல் போட்டாலும் கசியும். கையோட ரப்பர் ஹோஸையும் மாத்திடுங்க. பழசு உள்ளுக்குள்ள வீங்கிக்கும், மிதிச்சா ஆயில் போகும், விட்டா திரும்பி வராது, பேட் டிஸ்க்கை விடாம உரசி வீல் கொதிக்கும். புது டாட் 4 பிரேக் ஆயில் ஊத்தி, லைன்ல மாட்டின ஏர் எடுத்துட்டு, வண்டிய நகர்த்தறதுக்கு முன்னாடி பெடலை நாலஞ்சு தடவ மிதிச்சு கெட்டியாக்கிக்கோங்க. பேட் மாத்தின உடனே முதல் மிதி நேரா தரைக்குப் போகும். நான் மறந்துட்டு எங்க வீட்டு கேட்டையே இடிச்சேன், மாமி இன்னும் சொல்லிக் காட்டறா.

அடையாறு_டீசல்:
சரி மாமா, வண்டி இப்போ ஸ்டாண்டு மேலயே நிக்கட்டும். சனிக்கிழமை காலைல புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் மார்க்கெட்டுக்கு போறேன், வலது காலிப்பரை நாலு பக்கமும் போட்டோ எடுத்து வச்சிருக்கேன். பையன் ப்ரோ, கூட வர்றீங்களா? டீ, வடை என் செலவு.